எங்கள் முற்றத்தில் புகைக்குண்டு ஏற்றும் முறை

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் சித்திரைப் பௌர்ணமி இரவு இந்திர விழாவுக்கு நின்றவர்களுக்குப் புகைக்குண்டை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வண்ணத்தாளில் ஒட்டிய பெரிய கூடு, வாயில் எரியும் துணிப்பந்தோடு பனைகளுக்கு மேலே எழும்பிச் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியாகிவிடும். என் பெரியப்பா அதை ஒட்டுவதில் கைதேர்ந்தவர். அவரிடம் பழகிய முறையையே இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டேன்: என் குண்டில் நெருப்பு ஏறாது.

பதினான்கு வயதில் நான் தனியாக ஏற்றிய முதல் குண்டு வேப்பங்கிளையில் பட்டுச் சரிந்தது. துணிப்பந்து அயல் வளவின் கிடுகு வேலியில் விழுந்தது. கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றியும் பாதி வேலி போய்விட்டது. அன்று வாளியைப் பிடித்திருந்த அம்மம்மாவின் கை நடுங்கியதை நான் மறக்கவில்லை. கிடுகும் காவோலையும் நிறைந்த ஊரில் நெருப்பு நிலத்திலேயே இருக்கட்டும்.

பட்டம் ஒட்டும் மெல்லிய தாளை வாங்குங்கள். தாள்களை நீளவாக்கில் ஒட்டி, 170 செ.மீ. நீளத்தில் எட்டுப் பட்டிகள் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நடுவே மடித்து இதழாக வெட்ட வேண்டும். நுனி கூர். அங்கிருந்து 47 செ.மீ. இறங்கினால் அகலம் 33, 94இல் 47, 141இல் மறுபடி 33, அடியில் 14. இந்தப் புள்ளிகளை வளைகோட்டால் இணைத்து, பசைக்காக இரு விளிம்பிலும் ஒரு செ.மீ. கூட்டி வெட்டுங்கள். எட்டும் சேர்ந்தால் 120 செ.மீ. விட்டமுள்ள உருண்டை வரும்.

பசைக்குக் கோதுமை மா போதும். கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சுங்கள். ஓர் இதழின் மேல் அடுத்ததை வைக்கும்போது கீழ் விளிம்பு ஒரு செ.மீ. வெளியே தெரியட்டும். அதில் பசையை விரலால் மெல்லியதாக இழுத்து, மேலே மடித்து அழுத்துங்கள். பசை கூடினால் தாள் நனைந்து கிழியும், பாரமும் ஏறும். பெரியப்பா சுட்டுவிரலில் பசை தொட்டு, பெருவிரலால் அதில் பாதியை வழித்துவிட்டுத்தான் தாளைத் தொடுவார். உச்சியில் தேநீர்த் தட்டளவு வட்டத்தாள் ஒட்டி, அதில் நூல் வளையம் வையுங்கள். வாய்க்கு மூங்கில் ஈர்க்கை வளைத்து ஒட்டுங்கள். காய்ந்ததும் இருட்டில் உள்ளே கைவிளக்கைப் பிடித்துப் பாருங்கள்; ஊசித்துளைகூடத் தெரியும். நான் ஒட்டுவது ஏறத்தாழ 120 கிராம் வரும்.

இப்போது கணக்கு. 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்றின் நிறை ஏறத்தாழ 1165 கிராம். அதே அளவு காற்று 90 பாகையில் 970 கிராம்தான். நம் குண்டு கொள்வது 0.9 கன மீற்றர். ஆகவே தூக்குவிசை 170 கிராம் அளவில் கிடைக்கும்; 120 கிராம் கூடு எழும்பிவிடும். விடியற்காலையில் வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் இன்னும் சுகமாக எழும்பும்.

தூக்குவது சூடு, புகையல்ல. பெயரில் புகை இருப்பதால் ஈர வைக்கோலைப் போடுகிறவர்கள் உண்டு. இதே பிழையைப் பிரான்சின் மொன்கோல்ஃபியே சகோதரர்களும் செய்தார்கள். புகையிலேயே தனிச்சக்தி இருக்கிறது என்று நம்பி வைக்கோலையும் ஆட்டுமயிரையும் எரித்தார்கள். ஆனாலும் 1783 ஜூன் 4 அன்று அன்னோனே ஊரில் அவர்கள் குண்டு எழும்பியது. நம்பிக்கை பிழை, நெருப்பு சரி. அவர்கள் காகிதம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள். துணிக்குள் காகிதம் ஒட்டித்தான் அந்தக் குண்டைச் செய்தார்கள் என்று படித்தபோது பெரியப்பாவின் பசைவிரலைத்தான் நினைத்துக்கொண்டேன். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று பாரிஸில் இரண்டு மனிதர்களே ஏறிப் பறந்தார்கள்.

ஆகவே சிரட்டைத் தணல். சுவாலை அடங்கிய பிறகு, இருபக்கமும் வெட்டிய தகர வாளியை அடுப்பின் மேல் புகைபோக்கியாக வைத்து, தீப்பொறி ஏறாமல் கம்பிவலை போடுங்கள். ஒருவர் தடியால் உச்சி வளையத்தைத் தூக்கிப் பிடிக்க, இருவர் வாயைத் தகரத்துக்கு மேலே அரை மீற்றர் விட்டுப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நனைத்த சாக்கும் இரண்டு வாளி தண்ணீரும் கட்டாயம். இதழ்கள் மொரமொரத்து ஒவ்வொன்றாக விரியும். தாளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட வேண்டும். சற்று நேரத்தில் ஈர்க்கு வளையம் விரலை மேலே இழுக்கும். அந்த இழுப்பு உறுதியாகும்வரை பொறுங்கள். அவசரப்பட்டு விட்டால் முற்றத்திலேயே சாயும்.

வாய் வளையத்தில் 25 மீற்றர் தையல் நூல் கட்டியே விடுங்கள். பலாலி விமான நிலையத்துக்கு விமானங்கள் வந்துபோகும் வானம் இது. வாடைக்காற்றும் சோளகக்காற்றும் ஓய்ந்த நேரம்தான் சரி. காற்று எங்கே போகிறதோ குண்டும் அங்கேதான் போகும். அதை மாற்றத்தான் 1852இல் ஹென்றி ஜிஃபார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நீள உருவக் குண்டுக்கு நீராவி இயந்திரம் பூட்டிப் பாரிஸிலிருந்து பறந்தார். பிறகு வந்த செப்பலின் வான்கப்பல்கள் காற்றைவிட இலேசான ஐதரசன் வாயுவை நம்பின. ஒரு கன மீற்றர் ஐதரசன் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். ஆனால் பொறி பட்டால் பற்றும். 1937 மே 6 அன்று 245 மீற்றர் நீள ஹிண்டன்பர்க் என்ற செப்பலின் எரிந்து 36 பேர் இறந்தார்கள்.

நம் குண்டு பனை உயரம் போய், சூடு ஆறியதும் தானே இறங்கும். நூலை மெல்லச் சுற்றி, நிலம் தொடுமுன் வளையத்தைப் பிடியுங்கள். கிழிந்த இடத்தில் துண்டுத்தாள் ஒட்டி, மடித்துப் பெட்டியில் வையுங்கள். நான் போன தையில் ஒட்டியது இதுவரை ஒன்பது முறை ஏறியிருக்கிறது.