ஊருக்குப் போகும்போது பல்லைத் தயார் செய்யுங்கள், கிளிப் போடாதீர்கள்

பிள்ளைக்குப் பல்லை நேராக்கும் கிளிப் போட லண்டனிலோ ரொறன்ரோவிலோ நாள் குறித்தாயிற்று. இடையில் மூன்று கிழமை யாழ்ப்பாணப் பயணம். "அங்கை மலிவு, எல்லாத்தையும் அங்கையே முடிச்சிட்டு வா" என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். பாதிதான் சரி. கிளிப் போட்டால் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம் ஓடும். நான்கு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை கம்பியைப் பார்த்து மாற்ற வேண்டும். ஊரில் ஒட்டிக்கொண்டு வந்தால், இன்னொருவர் தொடங்கியதை இங்குள்ள நிபுணர் ஏற்கத் தயங்குவார். ஊரில் செய்து முடிக்கக்கூடியது அதற்கு முந்திய வேலை: பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது, சூத்தை அடைப்பது, கிளிப் போடுபவரின் கடிதம் இருந்தால் மட்டும் பல் பிடுங்குவது.

போய் இறங்கிய முதல் இரண்டு மூன்று நாளுக்குள் பல் வைத்தியரிடம் போய்விடுங்கள். அரச மருத்துவமனை நிபுணர்கள் தனியார் கிளினிக்கில் மாலையிலும் வார இறுதியிலும்தான் இருப்பார்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் பல இடங்கள் பூட்டு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுக்காரர் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள், முன்கூட்டியே நாள் எடுங்கள்.

முழு வாயையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று போதும் என்று நினைக்காதீர்கள். பல் இடுக்கில் தொடங்கும் சிறிய சூத்தை அதில் சரியாகத் தெரியாது. பல்லால் கடித்துப் பிடித்து எடுக்கும் சின்ன எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கம்பியைப் பிடிக்கக் கடைவாய்ப் பல்லில் வளையம் மாட்டிய பிறகு இடுக்கில் சூத்தை கண்டால், வளையத்தைக் கழற்றித்தான் அடைக்க வேண்டிவரும். வேர்ச்சிகிச்சை தேவைப்பட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போகவேண்டி வரலாம். அதை முதல் கிழமையிலேயே தொடங்குங்கள்.

வளர்ந்தவர்களுக்கு முரசு (ஈறு) முக்கியம். பிரஷ் பண்ணும்போது இரத்தம் வந்தால் முரசு நோய் இருக்கலாம், அது இருக்கும்போதே பல்லை நகர்த்தினால் எலும்பு கரையும். ஆழமாகச் சுத்தம் செய்த பின் முரசு ஆறியதா என்று பார்க்க இரண்டு மூன்று மாதம் வேண்டும். ஒரு விடுமுறைக்குள் அது முடியாது.

அடுத்தது பல் பிடுங்குவது. இதில்தான் பெரிய பிழை நடக்கும். இடம் போதாவிட்டால் வேட்டைப் பல்லுக்கு அடுத்த நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுக்கச் சொல்வது வழக்கம். எதை எடுப்பது என்பதை கிளிப் போடுபவர்தான் எழுதித் தரவேண்டும். பல்லின் இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். கனடா, ஐரோப்பா உட்பட உலகின் பெரும்பாலான நாடுகளில் இந்த நான்கு பற்களும் 14, 24, 34, 44. அமெரிக்க முறையில் அதே பற்கள் 5, 12, 21, 28. அமெரிக்க முறையில் 14 என்றால் மேல் இடது பெரிய கடைவாய்ப் பல், 24 என்றால் கீழ் முன்பல்! ஆகவே கடிதத்தில் "மேல் வலது முதலாம் முன்கடைவாய்ப் பல்" என்று சொல்லாகவும் எழுதுவியுங்கள். விறைப்பூசி போடுமுன் கண்ணாடியில் பல்லைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வைத்தியர் கோபிக்க மாட்டார். கோபித்தால் வேறு இடம் பாருங்கள்.

நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் முதலில் வலப்பக்கம், ஒரு கிழமை கழித்து இடப்பக்கம் என்று எடுத்தால் மற்றப் பக்கத்தால் சாப்பிடலாம். கடைசிப் பல் எடுத்து, விமானம் ஏற ஒரு கிழமையாவது இடைவெளி விடுங்கள். குழியில் உறைந்த இரத்தம் கழன்றால் இரண்டு முதல் நான்கு நாளில் காதுவரை இழுக்கும் வலி வரும். இளநீரைக் குழாய் போட்டு உறிஞ்சுவதும் புகைப்பதும் அதைக் கழற்றிவிடும். இளநீரைக் கோப்பையில் ஊற்றிக் குடியுங்கள். கிளிப் போட இன்னும் பல மாதம் இருந்தால் பல் எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். முன்கூட்டியே எடுத்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடம் வீணாகும்.

விலை குறைவென்று ஊரில் இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்துக்கொண்டு வராதீர்கள். அது எலும்போடு ஒட்டிவிடும், கம்பி இழுத்தாலும் நகராது. கிரவுன் (பல்லின் மேல் போடும் உறை), பிரிட்ஜ் (இடைவெளியை நிரப்பும் கட்டுப்பல்), பல் வெளுப்பாக்கல் எல்லாம் கிளிப் கழற்றிய பிறகுதான். கிரவுனில் கிளிப் சரியாக ஒட்டாது, கடியும் பிறகு மாறிவிடும். வவுனியாப் பக்கம் வளர்ந்து, தண்ணீரால் பல் பழுப்புப் புள்ளி படிந்தவர்கள் அதை நிபுணருக்குச் சொல்லுங்கள். அந்த எனாமலிலும் கிளிப் எளிதில் கழன்றுவிடும்.

ஊரில் இருக்கும் நாட்களில் பல்லைக் கெடுப்பது பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிக்கும் பிளேன்ரீதான். ஒரு நாளில் ஐந்தாறு வீட்டுக்குப் போனால் ஐந்தாறு தடவை இனிப்பு. இனிப்பால் இளகும் பல்லை மீண்டும் உறுதியாக்க எச்சிலுக்கு நேரமே கிடைக்காது. தற்காலிக அடைப்போடு புழுக்கொடியல் கடித்தால் அடைப்பு கையில் வரும். மூலிகைப் பற்பசைகள் பலவற்றில் ஃபுளோரைட் இல்லை. 1450 பிபிஎம் அளவு உள்ளதை இங்கிருந்தே கொண்டுபோங்கள். துலக்கியபின் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம்.

திரும்பும்போது எக்ஸ்ரேயைத் தொலைபேசியில் எடுத்த படமாக அல்ல, அசல் கோப்பாக யூஎஸ்பியில் வாங்குங்கள். எந்தப் பல்லில் என்ன செய்தது, என்ன பொருளால் அடைத்தது, எந்தத் திகதி என்று வைத்தியர் கையெழுத்தோடு ஒரு தாள். காப்புறுதிக்குக் கேட்கப்போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் தனி விலை போட்ட ரசீது. இவற்றைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.