பின் சீட்ல இருக்கறது ஸ்பீக்கர் இல்லங்க: ஹைபிரிட் செடான்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அக்கா பையன் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹைபிரிட் செடான் (பெட்ரோல் இஞ்சினும் கரண்ட் மோட்டாரும் சேந்து ஓட்டற வண்டி) வாங்கிட்டு வந்து காமிச்சான். வெளிய பளபளன்னு இருக்கு. உள்ள ஏறி உக்காந்து பின்னாடி திரும்புனா, குழந்தை தூங்கறதுக்குன்னு ரெண்டு தலையணை, ஒரு போர்வை, எல்லாத்தையும் பின் சீட் ஓரத்துல திணிச்சு வச்சிருக்கான். எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, ஏன்னா அதே இடத்துல அதே கூத்தைப் பண்ணி நான் கட்டுன பில் இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது. சரி எழுதிருவோம்னு உக்காந்துட்டேன். டயர்ல காத்து பாருங்க, சர்வீஸ் தள்ளிப் போடாதீங்கன்னு எல்லாம் சொல்லப் போறதில்ல, அது எந்த வண்டிக்கும் உள்ளதுதான.

பேட்டரி மூச்சு விடற வழியை அடைக்கறது

ஹைபிரிட்ல பெரிய பேட்டரி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்குக் காத்து வேணும்ங்கறது பாதிப் பேருக்குத் தெரியாது. பேட்டரி பின் சீட்டுக்கு அடியிலயோ, இல்ல டிக்கில சீட் முதுகை ஒட்டியோ இருக்கும். ஓட ஓட சூடாகும். அந்தச் சூட்டை எடுக்க நிறைய மாடல்ல சின்னதா ஒரு ஃபேன் இருக்கும், நாம உக்காந்திருக்கற கேபின்லேர்ந்தே குளுகுளு காத்தை உறிஞ்சி பேட்டரி மேல விடும். அது உறிஞ்சற வாய்தான் பின் சீட் பக்கவாட்டுலயோ கீழயோ, சில வண்டில பின் கண்ணாடிக்கு அடில இருக்கற தட்டுலயோ தெரியற வென்ட். பாக்க ஸ்பீக்கர் மாதிரியே இருக்கும். நானும் ஸ்பீக்கர்னுதான் நெனச்சேன், பாட்டு ஏன் பின்னாடி கம்மியா கேக்குதுன்னு ஒருதடவை காதை வச்சுக்கூடப் பாத்திருக்கேன்.

வண்டி வாங்குன முதல் மாசமே தடிமனா சீட் கவர் போட்டேன். தச்சவர் அந்த வென்ட்டையும் சேத்து இழுத்து மூடி கச்சிதமா முடிச்சிருந்தார், நான் "சூப்பர்ங்க, கேப்பே தெரியல"ன்னு பாராட்டி வேற அனுப்பினேன். அதுக்கு மேல எங்க நாய் வேற பின் சீட்லதான் வரும். ஒரு வருசம் ஒண்ணும் தெரியல. அப்பறம் பொண்ணு ஒருநாள் "அப்பா, சீட்டுக்குள்ள யாரோ ஹேர் டிரையர் போடறாங்க"ன்னா. ஏசி சத்தம்டான்னு சொல்லி பாட்டு வால்யூமைக் கூட்டி வச்சேன் பாருங்க, அந்த நிமிசத்தை நெனச்சா இப்பவும் எரியுது, பேட்டரி சூடு தாங்காம ஃபேன் ஃபுல் ஸ்பீடுல கத்திட்டு இருந்திருக்கு, குழந்தைக்குக் கேட்டது எனக்குக் கேக்கல. மைலேஜ் கொறைஞ்சுது, பெட்ரோல் சரியில்லன்னேன். டாஷ்போர்டுல சார்ஜ் கட்டை ரெண்டுலேர்ந்து மடமடன்னு ஃபுல்லுக்கு ஏறும், அஞ்சு நிமிசத்துல மறுபடி கீழ வரும், அடடா எவ்ளோ வேகமா சார்ஜ் ஆகுதுன்னு சந்தோசப்பட்டேன். அது பேட்டரி கொள்ளளவு கரைஞ்சதோட அறிகுறி, டம்ளர் சின்னதானா சீக்கிரம் ரொம்பத்தான செய்யும்.

ஒருநாள் மேடு ஏறும்போது முக்கோண லைட்டு எரிஞ்சுது, ஹைபிரிட் சிஸ்டத்தை செக் பண்ணுன்னு மெசேஜ். இங்கதான் ரெண்டாவது தப்பு. வெளிய ஒரு மெக்கானிக்கிட்ட போனேன், "ஒரே ஒரு மாட்யூல்தான் சார் போயிருக்கு, அதை மட்டும் மாத்திரலாம்"னார், கேக்க எவ்ளோ இனிப்பா இருக்கு பாருங்க. நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பேட்டரி பேக் ஒரே கட்டி கெடையாது, 1.2 வோல்ட் செல் ஆறு சேந்தா 7.2 வோல்ட்ல ஒரு மாட்யூல், அதை வரிசையா கோத்திருப்பாங்க. டொயோட்டாவோட ரெண்டாம் தலைமுறை பிரியஸ் ஹைபிரிட்ல 28 மாட்யூல், மொத்தம் 201.6 வோல்ட். ஒண்ணு படுத்தா மத்த 27-ல தெம்பு இருந்தும் பிரயோஜனமில்ல, கம்ப்யூட்டர் அந்த ஒண்ணைப் பாத்துதான் எவ்ளோ கரண்ட் எடுக்கலாம்னு முடிவு பண்ணும். கூடவே எல்லாம் ஒண்ணா சூட்டுல வெந்தது, ஒண்ணு போச்சுன்னா பக்கத்துல இருக்கறது கியூல நிக்குதுன்னு அர்த்தம். நாலு மாசத்துல அடுத்தது போச்சு, அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கழட்டி மாட்டற கூலி தனி.

இதுல எனக்கு ஆறாத விசயம் என்னன்னா, மூணு தடவை சீட்டைக் கழட்டியும் அந்த ஆள் ஃபேனைத் திரும்பிக்கூடப் பாக்கல, ஒவ்வொரு தடவையும் அதே சீட் கவரை அதே மாதிரி இழுத்து மாட்டி வென்ட்டை மூடிக் குடுத்தார். கடைசில வேற எடத்துக்குப் போனப்பதான் அங்க இருந்த பையன் ஃபேனைக் கழட்டி எங்கிட்ட நீட்டினான். உருளை மாதிரி சுத்தற ஃபேன் அது, எறகு ஒண்ணுகூடக் கண்ணுக்குத் தெரியல, நாய் முடியும் தூசியும் சேந்து கம்பளி மாதிரி இறுகிப் போயிருந்துச்சு, ஸ்க்ரூ டிரைவரால நெம்புனா ஒரே துண்டா உரிஞ்சு வந்துச்சு. முழு பேக்கையும் மாத்தினேன். காசே இல்லாம தப்பிச்சிருக்க வேண்டிய விசயம்.

நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான். மேனுவல்ல வென்ட் எங்கன்னு பாருங்க, மேல துணி, பை, தலையணை எதுவும் வைக்காதீங்க, ஈரத் துணி சுத்தமா வேண்டாம். ஃபில்டர் வச்ச மாடலா இருந்தா மூடியைக் கழட்டி வேக்குவம் போடுங்க, வீட்ல நாய் பூனை இருந்தா அடிக்கடி. நல்லா ஓட்டிட்டு வந்து நிறுத்துன சூட்டுல, வண்டி ரெடில இருக்கும்போது (டாஷ்போர்டுல "ரெடி" லைட் எரியும், இஞ்சின் சத்தம் இல்லாட்டியும் வண்டி ஆன்லதான் இருக்கு) ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிட்ட வச்சா இழுக்கறது தெரியும் (வண்டி ஆறியிருந்தா ஃபேன் ஓடாமலும் இருக்கலாம், பயந்துராதீங்க). அதுக்கு உள்ள, ஆரஞ்சு கலர் ஹை வோல்டேஜ் வயர் தெரியற எடத்துக்கு, கை வேண்டாம்.

சின்ன பேட்டரியை மறந்துடறது

பெரிய பேட்டரி இருக்கறதால 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு தனியா இருக்கறதே மறந்து போயிடும். சாதா வண்டில அது சாகறதுக்கு முன்னாடி ஸ்டார்ட்டர் முனகும், நமக்குப் புரிஞ்சுரும். ஹைபிரிட்ல இஞ்சினைச் சுத்தறது பெரிய பேட்டரி, வண்டியைக் கிளப்பும்போது சின்னதுக்கு வேலை கம்ப்யூட்டரை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கற சுவிட்சை (ரிலே) ஒட்ட வைக்கறது மட்டும்தான், அதனால முனகல் எதுவும் இல்லாம ஒருநாள் காலைல ரிமோட்டுக்குக் கதவே திறக்காது. பிரேக்கை மிதிக்காம பவர் பட்டனை மட்டும் அமுக்கிட்டு உள்ள உக்காந்து பாட்டு கேக்கறவங்க பேட்டரிதான் முதல்ல காலியாகும், ரெடி லைட் எரிஞ்சாத்தான் அது சார்ஜ் ஆகும். மாத்தும்போதும் கவனம். டிக்கில இருக்கற பேட்டரிக்கு கேஸ் வெளிய போக டியூப் இருக்கும், சைஸ் சரியா இருக்குன்னு எதையாவது தூக்கி வச்சுட்டு டியூபை மாட்டாம விடாதீங்க.

சிக்னல்ல நியூட்ரல்

போடாதீங்க. நிறைய ஹைபிரிட்ல நியூட்ரல்ல பேட்டரி சார்ஜ் ஆகாது, ஏசி மட்டும் அதை உறிஞ்சிட்டே இருக்கும்.

கியர்ல "B" மோடுல போட்டா சார்ஜ் ஏறும்ங்கறது

நீளமான இறக்கத்துக்கு இஞ்சின் பிரேக் அது. சாதா ரோட்ல போட்டா மைலேஜ்தான் போகும்.

நெடுஞ்சாலைக்குன்னே வாங்கறது

ஹைபிரிட்டோட லாபம் பெரும்பாலும் பிரேக் பிடிக்கும்போது கரண்டைத் திரும்ப எடுக்கறதுலயும், நின்னு நின்னு போற நெரிசல்ல இஞ்சினை அணைக்கறதுலயும்தான். தினம் ஒரே வேகத்துல நூறு கிலோமீட்டர் போறவருக்கு விளம்பரத்துல பாத்த மைலேஜ் எங்கேர்ந்து வரும்? வண்டி மேல தப்பு இல்ல.

ஏசிக்கு கிடைச்ச ஆயிலை விடறது

கம்ப்ரசர் பெல்ட்ல ஓடாம ஹை வோல்டேஜ்ல ஓடற வண்டின்னா, உள்ள இருக்கற ஆயில் கரண்ட் கசியாம காக்கற தனி ரகம். வேற ஆயில் கொஞ்சம் கலந்தாலும் வம்பு, கேஸ் அடிக்கறவர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க.

பிரேக் தேயலையேன்னு விடறது

மோட்டாரே வேகத்தைக் கொறைக்கறதால சீக்கிரம் தேயாது, ஆனா துருப்பிடிச்சு இறுகலாம். வருசத்துக்கு ஒருதடவை கழட்டிப் பாக்கச் சொல்லுங்க.

ரெடில விட்டுட்டு இறங்கறது

சத்தமே இல்லாததால ஆஃப் பண்ணிட்டோம்னு நெனச்சு சாவியோட வீட்டுக்குள்ள போயிருவோம். நானும் ஒருதடவை போயிருக்கேன், நல்லவேளை வண்டி வெட்டவெளில நின்னுச்சு. சார்ஜ் இறங்குனா இஞ்சின் தானா ஸ்டார்ட் ஆகும், மூடுன ஷெட்டா இருந்தா கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு வீட்டுக்குள்ள வரும், அதுக்கு வாசனையும் கெடையாது. சில மாடல் தானா ஆஃப் ஆகும், நம்ம மாடல் ஆகும்னு நம்பாம பட்டனைப் பாத்துட்டு இறங்குங்க.

இதெல்லாம் அக்கா பையன்கிட்ட நேர்லயே சொல்லியாச்சு. பொறுமையா கேட்டுட்டு, "சரி மாமா, தலையணையை டிக்கில போட்டுடறேன்"னு தூக்கிட்டுப் போனான். நான் பின்னாடியே ஓடினேன். அவன் வண்டில வென்ட் டிக்கிலயும் ஒண்ணு இருக்கு.