ஆட்டோ கிளட்ச் வேறு, ஆட்டோமேட்டிக் கியர் வேறு: காட்டுப்பாதையில் செய்யக்கூடாத தவறுகள்

ஆட்டோ கிளட்ச் மாட்டிய பைக்கை ஆட்டோமேட்டிக் வண்டி என்று நினைத்து ஓட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே வருகின்றன.

ஆட்டோ கிளட்ச் உங்கள் இடது கை விரல்களின் வேலையை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. எஞ்சின் வேகம் ஏறினால் மையவிலக்கு விசையால் கிளட்ச் பிளேட்டுகள் பிடிக்கும், ஐட்லிங்குக்கு இறங்கினால் விட்டுவிடும். கியர் மாற்றுவது இன்னமும் இடது காலின் பொறுப்பு. ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் பைக்கில் வரும் டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்) அப்படி இல்லை. அதில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. கியரையும் அதுவே போட்டுக்கொள்ளும்.

‘வண்டிதான் ஆஃப் ஆகாதே’ என்ற தைரியத்தில் மூன்றாவது கியரிலேயே மேடு ஏறுகிறவர்கள் நிறைய. ஆஃப் ஆகாது, உண்மைதான். ஆனால் பிளேட் அரைகுறையாகப் பிடித்து வழுக்கிக்கொண்டே இருக்கும். எஞ்சின் கத்துகிற அளவுக்கு வண்டி நகராமல் கருகல் வாடை வந்தால், உடனே கியரைக் குறையுங்கள்.

இறக்கத்தில்தான் ஆபத்து அதிகம். ஆட்டோ கிளட்ச் போட்ட புதிதில், கற்கள் நிறைந்த ஒரு சரிவில் பழக்க தோஷத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடிவிட்டேன். எஞ்சின் சத்தம் அடங்கியது, கிளட்ச் விட்டுவிட்டது, வண்டி சைக்கிள்போல உருள ஆரம்பித்தது. பதறி முன் பிரேக்கைப் பிடித்ததில் முன் சக்கரம் சறுக்கி விழுந்தேன். சரிவில் இறங்கும்போது பிளேட் பிடித்திருக்கும் அளவுக்கு ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திறந்தே வையுங்கள். கிளட்ச் விட்டுவிட்டால் ஒரு சின்ன முறுக்கு கொடுங்கள், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் பிரேக்கிங் திரும்பிவிடும். எஞ்சினே நின்றுபோனால் பிரேக்கைத் தவிர வேறு எதுவும் வண்டியைப் பிடிக்காது.

இதே காரணத்தால் பெரும்பாலான ஆட்டோ கிளட்ச் வண்டிகளைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, கியரில் போட்டுச் சரிவில் நிறுத்தவும் கூடாது. டிசிடி வண்டியிலும் எஞ்சின் நின்றால் கிளட்ச் விட்டுவிடும். அதனால்தான் அதில் தனியாக பார்க்கிங் பிரேக் வைத்திருக்கிறார்கள்.

எஞ்சின் ஓடும்போது கியரில் வைத்தபடி கீழே இறங்கி வண்டியைத் தள்ளாதீர்கள். கை தெரியாமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் வண்டி பாய்ந்துவிடும். முதலில் நியூட்ரலுக்கு வாருங்கள்.

டிசிடிகாரர்கள் செய்யும் தவறு, கரடுமுரடான இறக்கத்திலும் ‘டி’ (டிரைவ்) என்ற ஆட்டோமேட்டிக் மோடிலேயே விட்டுவிடுவது. எரிபொருள் மிச்சத்துக்காக அது சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடும். மேனுவலுக்கு மாற்றி கீழ் கியரில் இறங்குங்கள். இன்னொன்று, அதில் கிளட்ச் லீவரே கிடையாது. கட்டை ஒன்று குறுக்கே கிடந்தால் கிளட்சைச் சட்டென விட்டு முன் சக்கரத்தைத் தூக்கும் வித்தை அங்கே நடக்காது. எடையும் சாதாரண மாடலைவிட ஏறக்குறைய 10 கிலோ கூடுதல். குறுகலான பாறைத்தடம்தான் உங்கள் ஆசை என்றால், லீவரை விட்டுவைக்கும் ஆட்டோ கிளட்சே நல்லது என்பேன்.

கடைசியாக, அட்ஜஸ்ட்மென்ட். பிளேட் தேயத் தேய கிளட்சின் ஃப்ரீ பிளே (லீவரில் இருக்கும் தளர்வு) மாறும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் நியூட்ரலில் வைத்து, கிளட்ச் லீவரையும் கைப்பிடியையும் ஒரு ரப்பர் பேண்டால் கட்டி, ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பாருங்கள். லீவர் கண்ணுக்குத் தெரிய உள்ளே நகர வேண்டும். நகரவில்லை என்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்கவில்லை. அட்ஜஸ்ட் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.