தோள்பட்டை போன பின்னாடி அடுத்த ஸ்கூபா கோர்ஸ் எதை எடுக்கறதுங்க?

நான் ஸ்கூபாவுல முதல் கோர்ஸான ஓபன் வாட்டர் முடிச்சு ரெண்டு வருசம். அடுத்து அட்வான்ஸ்டா ரெஸ்க்யூவான்னு ரோசிச்சுட்டு இருந்தப்பதான் தாராபுரம் ரோட்ல மழையில வண்டி சறுக்கி இடது தோள்பட்டை ரொடேட்டர் கஃப் (தோள் மூட்டை சுத்தி புடிச்சிருக்கற தசைநாண்) கிழிஞ்சுபோச்சு. ஆபரேஷன் வேண்டாம் பிசியோ போதும்னு ஆர்த்தோ டாக்டர் சொல்லிட்டாரு, ஆனா "கடலுக்குள்ள போகலாமுங்களா சார்"ன்னு கேட்டதுக்கு ஏற எறங்க ஒரு பார்வை பாத்தாருங்க, அதுலயே பாதி பதில் தெரிஞ்சுபோச்சு.

எல்லாரும் கோர்ஸை சர்ட்டிபிகேட் வரிசையில பாக்கறாங்க, ஓபன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ, டைவ் மாஸ்டர்னு. அடிபட்டவங்க அந்த வரிசையை தூக்கி ஓரமா வெச்சுட்டு, எந்த கோர்ஸ் எந்த எடத்துல எவ்வளவு பாரம் ஏத்துதுன்னு பாருங்க. தண்ணிக்குள்ள போயிட்டா ஒடம்பு பஞ்சு மாதிரிதான், தோளுக்கு பாரமே தெரியாது. தண்ணிக்கு வெளிய இருக்கறதுதான் கெரகம். சாதாரண அலுமினியம் டேங்க் காத்தோட 17 கிலோ பக்கம் வரும், பிசிடி (காத்து ஏத்தி எறக்கற ஜாக்கெட்டு), ரெகுலேட்டர் (மூச்சு விடற கருவி) எல்லாம் சேத்தா 20 கிலோவுக்கு மேல, ஈயம் கட்டற வெயிட் பெல்ட் தனி. ஊட்டுல 20 லிட்டர் தண்ணி கேன் இருக்குமில்லைங்களா, அதான் கணக்கு. அதை தூக்கி முதுகுல மாட்டி, ஆடற படகுல எந்திரிச்சு நிக்கோணும். பிசியோகாரர் சரின்னு சொன்ன பின்னாடி கேனோட ஊட்டுக்குள்ளயே நாலு நடை நடந்து பாருங்க, மறுநாள் காலையில தோள் என்ன சொல்லுதுன்னு தெரியும். அன்னைக்கே வலிக்கலைன்னு ஏமாந்துறாதீங்க.

அப்பறம் மெடிக்கல் ஃபார்ம். எல்லா கோர்ஸுக்கும் முன்னாடி ஒண்ணு நீட்டுவாங்க. கடந்த 12 மாசத்துல ஒடம்பு சரியில்லாம வழக்கமான வேலை செய்ய முடியாம இருந்தீங்களா, 12 மாசத்துல ஆபரேஷன் ஆச்சா, டாக்டர் எழுதின மருந்து எடுக்கறீங்களான்னு அதுல இருக்கும். இதுல ஒண்ணுக்கு 'ஆமா' போட்டாலே டாக்டர் கையெழுத்து வேணும். முதுகுவலிக்காரங்களுக்குன்னு தனியா கேள்வி இருக்கு, ஆறு மாசத்துல அடிக்கடி வந்து அன்றாட வேலையை கெடுத்துச்சான்னு. எனக்கு ஒரு எடத்துல "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டு உடுங்க அண்ணா, சோலி முடிஞ்சுது"ன்னாங்க. நான் அங்கயே திரும்பி வந்துட்டேன். போன 4 மணி நேர டிரைவை நெனைச்சா இப்பவும் கடுப்பாகுது, ஆனா அப்படி சொல்ற ஆளை நம்பி எப்படிங்க 18 மீட்டருக்கு எறங்கறது.

டாக்டர்கிட்ட போறப்ப மாத்திரை சீட்டு எல்லாத்தையும் கொண்டுபோங்க. நரம்பு வலிக்கு குடுக்கற ப்ரீகாபலின் மாதிரி மாத்திரை தூக்கம் வர வைக்கும், ஆழத்துல காத்துல இருக்கற நைட்ரஜனால வர்ற மப்பும் சேந்தா நல்லதில்ல. வலி மாத்திரையில இன்னொரு வில்லங்கமும் இருக்கு. டிகம்ப்ரெஷன் சிக்னஸ் (மேல வர்றப்ப ஒடம்புல கரைஞ்ச நைட்ரஜன் குமிழியாகி வர்ற நோவு) வந்தா மூட்டு வலியாத்தான் பல பேருக்கு காட்டும், அதுலயும் தோள்பட்டையில நெறய. நமக்கு ஏற்கனவே அங்க வலி, மாத்திரையும் போட்டிருந்தா எது பழைய வலி எது புது வலின்னு எப்படி பிரிக்கறது? அதனால டைவுக்கு முன்னாடி அன்னைக்கு வலி எங்க, எவ்வளவு, கையை எதுவரைக்கும் தூக்க முடியுதுன்னு போன்ல ரெண்டு வரி எழுதி கூட டைவ் அடிக்கற ஜோடிகிட்டயும் சொல்லி வெச்சுருங்க.

கோர்ஸுக்கு வருவோம். கை தொட்டில்ல இருக்கற காலத்துக்கு நைட்ராக்ஸ்தான், அதாவது ஆக்சிஜன் கூடுதலா கலந்த காத்துல டைவ் அடிக்கற கோர்ஸ். உக்காந்து படிச்சு, டேங்க்ல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு அனலைசர்ல பாக்க கத்துக்கிட்டா போதும், சர்ட்டிபிகேட் குடுக்கற PADI அமைப்புல இதுக்கு டைவ் கட்டாயமே இல்ல. 32 சதவீத ஆக்சிஜன் காத்துக்கு, ஆக்சிஜன் அழுத்தம் 1.4 பாரை தாண்டக்கூடாதுங்கற கணக்குல சுமார் 34 மீட்டர்தான் எல்லை, இதெல்லாம் மண்டைக்கு வேலை, தோளுக்கு இல்ல.

கை ஓரளவு தூக்க வந்ததும் பயன்சி, தண்ணிக்குள்ள மேலயும் போகாம கீழயும் போகாம மெதக்கப் பழகற கோர்ஸ். இதை நெறய பேரு லேசா நெனைக்கறாங்க, ஆனா பழக்கமில்லாம ரெண்டு மூணு கிலோ ஈயம் கூடுதலா கட்டிட்டு அலையறவங்கதான் அதிகம், அது கொறைஞ்சாலே முதுகும் தோளும் தப்பிக்கும். அதோட முதல் டைவை அட்வான்ஸ்டு கணக்குல சேத்துக்கலாம். அட்வான்ஸ்டுல மொத்தம் 5 டைவ், டீப்பும் நேவிகேஷனும் கட்டாயம், மீதி 3 நம்ம இஷ்டம், நீரோட்டத்தோட போற டிரிஃப்ட் டைவ் மாதிரி இழுபறியானதை உட்டுருங்க. எடது தோள் போனவங்களுக்கு ஒண்ணு, பிசிடில இருந்து காத்தை வெளியேத்த இன்ஃப்ளேட்டர் ஹோஸை (காத்து ஏத்தி எறக்கற குழாயை) எடது கையாலதான் தலைக்கு மேல தூக்கோணும். அது முடியலைன்னா வலது கையில இழுக்கற டம்ப் வால்வ் பிசிடில எங்க இருக்குன்னு நீச்சல் குளத்துலயே பழகிக்கங்க. முட்டி போனவங்க சில பேருக்கு ஃப்ராக் கிக் (தவளை மாதிரி காலை விரிச்சு அடிக்கறது) ஒத்துக்காம போகலாம், அவங்க சாதாரணமா மேல கீழ அடிச்சு பாக்கலாம்.

சைடுமவுண்ட் எனக்கு நொம்ப புடிச்சுது. டேங்க் முதுகுல இல்ல, ரெண்டு பக்கமும் தொங்கும், தண்ணிக்குள்ள எறங்கின பின்னாடி ஒவ்வொண்ணா மாட்டிக்கலாம், ஏறறப்ப கழட்டி குடுத்துட்டு வெறும் ஆளா ஏணியில ஏறலாம். முதுகுக்காரங்களுக்கு சொர்க்கம். ஆனா சொல்லித்தர ஆள் எல்லா எடத்துலயும் கெடைக்க மாட்டாங்க, காசும் கூட.

ரெஸ்க்யூவை தள்ளி வைங்க. மயங்கின ஆளை இழுத்துட்டே 5 செகண்டுக்கு ஒரு தடவை மூச்சு குடுத்து, நடுவுல ரெண்டு பேரு சாமானையும் கழட்டி, கடைசில கரைக்கு தூக்கோணும். தோள் போன ஆளுக்கு அது பயிற்சி இல்ல, மறுபடியும் கிழிக்கற வேலை. டைவ் மாஸ்டர்ல 400 மீட்டர் நீச்சல், 100 மீட்டர் ஆளை இழுக்கறதுன்னு நேரக் கணக்கு வேற. நம்ம அப்புச்சி கெணத்துல குதிச்சு வளந்த தைரியத்துல எல்லாம் பண்ணிரலாம்னு தோணும், எனக்கும் தோணுச்சு, பிசியோகாரர் கையை பின்னாடி மடக்கச் சொன்னதும் தோணறது நின்னுபோச்சு.

புக் பண்றதுக்கு முன்னாடி இன்ஸ்ட்ரக்டர்கிட்ட போன்ல நேரா கேளுங்க: "ஏனுங்க, சாமானை தண்ணியிலயே மாட்டி தண்ணியிலயே கழட்ட உடுவீங்களா, ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேரு, பாதியில வலிச்சா மீதி டைவை அடுத்த தடவை முடிக்கலாமுங்களா?" இழுத்து இழுத்து பதில் சொன்னா வேற எடம் பாருங்க. புதுச்சேரியோ கர்நாடகா நேத்ராணி தீவோ அந்தமானோ, எடத்தை விட ஆளுதான் முக்கியம்.

திரும்பி வர்றப்ப ஒண்ணு, இது நம்மூர்காரங்களுக்குன்னே. பல டைவ் அடிச்சா, அந்த டிகம்ப்ரெஷன் நோவு வராம இருக்க, விமானம் ஏற 18 மணி நேரமாவது விடச் சொல்றாங்க. மலை ஏறறதும் அதே கதைதான். கோயமுத்தூர் 411 மீட்டர்தான், பிரச்சனையில்ல, ஆனா புதுச்சேரில இருந்து வர்ற வழியில ஏற்காடு போலாம், அப்படியே ஊட்டி போலாம்னு கூட வந்தவங்க கெளப்புவாங்க, ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல. ராத்திரி ஊட்டுல தூங்கிட்டு மறுநாள் பொழுது சாயறப்ப போங்க.