கிட்டாரில் உரசும் சுரங்கள்: நெருக்கமான கார்டுகளைப் பிடிக்கும் முறை

பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் அந்தச் சுரங்களின் உரசல் உடனே கேட்கும். கிட்டாரில் ஒரே தந்தியில் இரு சுரங்களை ஒரே நேரத்தில் மீட்ட முடியாது என்பதால், தடித்த தந்தியில் உயர்ந்த ஃபிரெட்டையும் (ஃபிரெட் என்பது கழுத்தில் உலோகப் பட்டைகளால் பிரிக்கப்பட்ட கட்டம்) அதற்கடுத்த மெல்லிய தந்தியில் தாழ்ந்த ஃபிரெட்டையும் பிடித்தே அதே உரசலைப் பெற வேண்டும். 3ஆம், 2ஆம் தந்திகளுக்கிடையே இதற்கு மூன்று ஃபிரெட் விரிவு போதும். மற்ற ஜோடிகளுக்கு நான்கு தேவைப்படும். திறந்த கார்டுகள் (சில தந்திகளை அழுத்தாமலே மீட்டும் சுரக்கூட்டுகள்) உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம் என்று கருதியே எழுதுகிறேன். ஃபிரெட் எண்களை, தடித்த 6ஆம் தந்தியிலிருந்து மெல்லிய 1ஆம் தந்தி வரை தருகிறேன். 0 என்றால் அந்தத் தந்தியை அழுத்தாமல் மீட்ட வேண்டும். × குறியுள்ள தந்தியை மீட்டக் கூடாது.

முதல் படி, இ மைனர் ஆட் நைன் (இ மைனர் கார்டுடன் ஒன்பதாம் சுரத்தைச் சேர்த்தது): 0-2-4-0-0-0. ஆள்காட்டி விரல் 5ஆம் தந்தியிலும் மோதிர விரல் 4ஆம் தந்தியிலும் இருக்கட்டும். 4ஆம் தந்தியில் எழும் எஃப் ஷார்ப் சுமார் 185 ஹெர்ட்ஸ், திறந்த 3ஆம் தந்தியின் ஜி சுமார் 196 ஹெர்ட்ஸ். இந்த வேறுபாட்டினால் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 11 முறை அதிர்ந்து அடங்குகிறது. அந்த நடுக்கத்தைக் காது அடையாளம் கண்டுகொள்ளும் வரை அவ்விரு தந்திகளை மட்டும் மீட்டுங்கள்.

இரண்டாம் படி, ஏ மைனர் ஆட் நைன்: ×-0-2-4-1-0. என்னை அதிக நாள் நிறுத்தி வைத்தது இந்தப் பிடிதான். 3ஆம் தந்தியில் நிற்கும் சுண்டு விரல் சற்றே சாய்ந்தாலும் 2ஆம் தந்தியைத் தொட்டு அதன் ஒலியை அடக்கிவிடும். அப்போது உரச வேண்டிய இரண்டில் ஒன்று காணாமல் போவதால், கார்டு சாதாரணமாக ஒலிப்பதாகத் தோன்றும். ஆகவே சுண்டு விரலை முதலில் 4ஆம் ஃபிரெட்டில் நுனியால் நிறுத்தி, நடுவிரலை 4ஆம் தந்தியில் வைத்து, கடைசியாக ஆள்காட்டி விரலைப் பின்னோக்கி நீட்டி 1ஆம் ஃபிரெட்டில் பதியுங்கள். ஆள்காட்டி விரல் பின்னால் நீளும் அளவுக்குச் சுண்டு விரல் முன்னால் நீளாது என்பதே இந்த வரிசைக்குக் காரணம். கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் நடுவில் இருக்க வேண்டும். மேலே எட்டிப் பார்த்தால் விரல்கள் படுத்துவிடும். பிறகு ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே மீட்டிச் சரிபாருங்கள். மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மூன்றாம் படி எளிது. அதே பிடியில் மோதிர விரலை 5ஆம் தந்தியின் 3ஆம் ஃபிரெட்டில் சேர்த்தால் ×-3-2-4-1-0, அதாவது சி மேஜர் செவன் கிடைக்கும். பியும் சியும் நடுவில் உரசிக்கொண்டே இருக்கும்.

இவற்றைப் பிக்கால் வருடுவதைவிட விரல்களால் ஒரே நேரத்தில் பறிப்பதையே நான் வலியுறுத்துவேன், ஏனெனில் இரு சுரங்களும் சேர்ந்து தொடங்கும்போதுதான் உரசல் முழுமையாகக் கேட்கிறது. மின்கிட்டாரில் டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் அமைப்பை) அணைத்துவிடுங்கள். அது சுரங்களின் எல்லையைக் கலைத்து வெறும் இரைச்சலாக்கிவிடும்.

பின்சேர்க்கை: ஏ மைனர் பிடிக்குச் சுண்டு விரல் எட்டவில்லை என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். 5ஆம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) பொருத்துங்கள். ஃபிரெட் இடைவெளிகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். அப்போது ஒலிப்பது டி மைனர் ஆட் நைன். கை பழகப் பழகக் கேப்போவை ஒவ்வொரு ஃபிரெட்டாகக் கீழே இறக்குங்கள்.