க்ரோ டென்ட்டில் கனமான சாமானைத் தொங்கவிடுமுன்: பலரும் செய்கிற தவறுகள்

வீட்டுக்குள் செடி வளர்க்க டென்ட் வாங்குகிறவர்கள் முதல் மாதம் ஒரு விளக்கை மட்டும் தொங்கவிடுவார்கள், எல்லாம் நன்றாக நிற்கும். அப்புறம் எக்ஸாஸ்ட் ஃபேன் வரும், வாடை போக கார்பன் ஃபில்டர் வரும், காற்று ஓட இன்னொரு சுழலும் ஃபேன் வரும், கொடி ஏற வலை வரும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய எடை கிடையாது. ஆனால் அத்தனையும் போய் உட்காருவது அதே நாலு மெல்லிய கம்பி மேல்தான்.

என் டென்ட்டில் ஒரு நாள் காலை ஜிப்பைத் திறந்தபோது மேல்மூலையில் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் இணைப்பில் நகக்கீறல் போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி ஃபில்டர் கீழே வந்து விழுந்தது, இரண்டு நாற்றுத் தட்டுகள் நசுங்கிப் போயின. கறுப்பு பிளாஸ்டிக் அப்படி வெளுத்தால் அந்த இடம் தாங்க முடியாமல் இழுபடுகிறது, அடுத்து விரிசல்தான் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் யாராவது அதற்குக் கீழே குனிந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால்? இதை எழுத அதுதான் காரணம்.

எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றுதான். டென்ட்டை வலுப்படுத்த வேண்டும் என்றதும் கை நேராக மேலே இருக்கும் குறுக்குக் கம்பிக்குப் போகிறது, அதைத் தடிமனாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். எடை கம்பியோடு நிற்பதில்லை. கொக்கியிலிருந்து குறுக்குக் கம்பிக்கு, அங்கிருந்து பக்கவாட்டுக் கம்பிக்கு, அதிலிருந்து மூலை இணைப்புக்கு, பிறகு செங்குத்துக் காலுக்கு, கடைசியில் தரைக்கு என்று இறங்குகிறது. இந்த வழியில் எந்த இடம் நோஞ்சானாக இருக்கிறதோ அதுதான் முதலில் போகும். குறுக்கே ஒன்றுக்கு இரண்டாகக் கம்பி போட்டவர்களுக்கும் டென்ட் சாய்ந்தது இதனால்தான்: கம்பி இரண்டானது, மூலை அதே பழைய பிளாஸ்டிக் மூலை. உங்கள் டென்ட்டின் மூலைகள் பிளாஸ்டிக் என்றால், கம்பியைத் தொடுவதற்கு முன் அதே அளவில் உலோக மூலை கிடைக்கிறதா என்று பாருங்கள்.

எடை போடாமலே தொங்கவிடுவது அடுத்த தவறு. டென்ட்டின் பெட்டியில் இத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள். பொதுவாக அது எல்லாக் கம்பிகளிலும் சமமாகப் பரவி, ஆடாமல் அசையாமல் இருக்கும் எடைக்கான கணக்கு. ஒரே கம்பியில், ஒரே கொக்கியில், ஓடும் ஃபேனோடு சேர்த்துத் தொங்கவிட அந்த எண்ணை நம்பக் கூடாது. 6 அங்குல கார்பன் ஃபில்டர் தயாரிப்பைப் பொறுத்து 5 கிலோவிலிருந்து 10 கிலோ வரை இருக்கும், 8 அங்குலத்தில் நீளமான சில 15 கிலோவைத் தாண்டும். அதோடு கரி ஈரத்தை இழுக்கும் பொருள், ஈரப்பதம் அதிகமான டென்ட்டுக்குள் கிடக்கக் கிடக்க அதன் எடை கூடும். உடல் எடை பார்க்கும் மெஷினில் சாமானைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தடவை, வெறுங்கையோடு ஒரு தடவை ஏறி நில்லுங்கள், வித்தியாசம் அதன் எடை. விளக்கு, அதன் டிரைவர் (விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி), ஃபேன், ஃபில்டர், டக்ட் (காற்று போகும் குழாய்), கயிறு எல்லாவற்றையும் இப்படிப் போட்டுக் கூட்டுங்கள். கம்பியில் கட்டிய வலையையும் அதில் ஏறும் கொடியையும் மறக்க வேண்டாம், காய் பிடித்த கொடி லேசானது இல்லை.

சரி, எங்கே தொங்கவிடுவது? கம்பியின் நட்டநடுவில் என்றுதான் பெரும்பாலும் கை போகும். அங்கேதான் கம்பி அதிகம் வளையும். ஒரே எடையைக் கம்பி முழுக்கப் பரப்பினால் வரும் வளைக்கும் விசையைப் போல இரண்டு மடங்கு, அதை நடுவில் ஒரே புள்ளியில் தொங்கவிட்டால் வரும். கம்பியின் நீளம் இரட்டிப்பானால் அதே எடைக்கு நடுவில் இறங்கும் தொய்வு எட்டு மடங்காகும். அதனால்தான் 60 சென்டிமீட்டர் டென்ட்டில் அசையாமல் நின்ற ஃபில்டர் 120 சென்டிமீட்டர் டென்ட்டில் கம்பியை வில்லாக வளைக்கிறது. பல டென்ட்டுகளில் நீளமான கம்பி இரண்டு துண்டாக வந்து நடுவில் ஒன்றுக்குள் ஒன்று செருகப்பட்டிருக்கும். அந்தச் செருகலுக்கு நேர் கீழே கொக்கி மாட்டுவதை மட்டும் செய்யவே வேண்டாம். கனமான சாமானை மூலைக்குப் பக்கமாகத் தள்ளி, இரண்டு கம்பிக்குக் குறுக்கே, இரண்டு மூன்று புள்ளிகளில் அகலமான நாடா போட்டுத் தொங்கவிடுங்கள்.

கயிற்றை அகல விரித்து வி வடிவில் கட்டினால் எடை பங்கு பிரியும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிரியும், ஆனால் விரிப்பு கூடக் கூட ஒவ்வொரு கயிற்றிலும் இழுப்பு ஏறிக்கொண்டே போகும். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் 120 டிகிரி வந்துவிட்டால், 10 கிலோ சாமானுக்கு ஒவ்வொரு கயிறும் முழு 10 கிலோவை இழுக்கும், பங்கு பிரித்ததில் லாபமே இல்லை. அதைவிட மோசம், இரண்டு கம்பியையும் ஒன்றையொன்று நோக்கி உள்பக்கமாக இழுக்கும். அந்தத் திசையில் கம்பியைப் பிடிக்க டென்ட்டில் பெரிதாக எதுவும் கிடையாது. கயிறு எவ்வளவு நேராகக் கீழே இறங்குகிறதோ அவ்வளவு நல்லது.

அடுத்து வருவதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் நான் பார்த்த வரையில் டென்ட் முழுசாகச் சாய்வது கம்பி உடைந்து அல்ல, சட்டம் கோணலாகி. நாலு குச்சியை முனையில் ஆணி அடித்துச் சதுரமாக்கி, ஒரு பக்கம் லேசாகத் தள்ளிப் பாருங்கள், சாய்சதுரமாகிவிடும். மூன்று குச்சியால் முக்கோணம் செய்து தள்ளுங்கள், அசையாது. டென்ட்டின் சட்டம் முழுக்கச் சதுரங்களும் செவ்வகங்களும்தான், ஒரு முக்கோணம் கூட இல்லை. இழுத்துக் கட்டிய துணிதான் அதைக் கோணாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்பக்க ஜிப்பை முழுதாகத் திறந்த நொடியில் அந்தப் பக்கத்துப் பிடிப்பு போய்விடுகிறது. மேலே 30 கிலோ தொங்குகிறது, நீங்கள் கதவைத் திறந்து உள்ளே கை நீட்டி விளக்கை ஒரு பக்கம் இழுக்கிறீர்கள், சட்டம் சாய ஆரம்பிப்பது அங்கேதான்.

இதற்கு மருந்து மூலைவிட்டம். பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் மேல்மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்குப் பெருக்கல் குறி போல இரண்டு நாடாவையோ மெல்லிய எஃகுக் கம்பிக் கயிற்றையோ கட்டி, தொய்வு இல்லாமல் இறுக்குங்கள். நாடாவும் கயிறும் இழுவிசையை மட்டுமே தாங்கும், அதனால்தான் ஒன்று போதாது, எதிரெதிராக இரண்டு வேண்டும். ரொம்பவும் முறுக்கிவிடக் கூடாது, சட்டமே கோணிவிடும். இறுக்கும்போது செங்குத்துக் கால் நேராக நிற்கிறதா என்று நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். முன்பக்கம் வழி வேண்டும் என்பதால் முழு மூலைவிட்டம் போட முடியாது. அங்கே மேல் இரண்டு மூலைகளிலும் ஒரு சாண் நீளத்துக்குச் சாய்வாக ஒரு சின்ன எஃகுப் பட்டையை, பைப் கிளாம்பால் பிடித்து வையுங்கள், அதுவே நல்ல வித்தியாசம் காட்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேனும் சட்டத்தை இழுக்கும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. காற்று வெளியே போகிற அளவுக்கு உள்ளே வராவிட்டால் சுவர்த் துணி உள்பக்கம் குழியும். 10 பாஸ்கல் என்பது மிகச் சின்ன அழுத்த வித்தியாசம், ஆனாலும் 2.4 சதுர மீட்டர் சுவரில் அது சுமார் 24 நியூட்டன், ஏறக்குறைய இரண்டரை கிலோவைக் கொண்டு தள்ளுகிற மாதிரி. நாலு சுவரும் சேர்ந்து கால்களை உள்ளே வளைக்கும்போது மேலே எடையும் இருந்தால் மெல்லிய பைப் எளிதாக மடங்கும். துணி பானை வயிறு போல உள்ளே வந்து நின்றால் கம்பி சேர்ப்பதற்கு முன் கீழே இருக்கும் காற்று வழியை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுங்கள், அல்லது ஃபேன் வேகத்தைக் குறையுங்கள்.

எதை வைத்து வலுப்படுத்துகிறோம் என்பதிலும் தப்பு நடக்கிறது. பி.வி.சி பைப் கையில் பிடித்தால் விறைப்பாகத்தான் இருக்கும், ஆனால் நாள்பட எடை தாங்கினால், அதுவும் விளக்குச் சூட்டில், மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும், பழைய நிலைக்கு வராது. அலுமினியம் துருப்பிடிக்காது, லேசாகவும் இருக்கும், ஆனால் அதே அளவு எஃகுக் குழாயைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வளையும். மரம் வலுதான், டென்ட்டின் ஈரத்தில் பூசணம் பிடிக்கும், வைத்தே ஆக வேண்டும் என்றால் நாலு பக்கமும் வார்னிஷ் அடித்து வையுங்கள். எஃகுக் குழாயில் விட்டம்தான் ராஜா: சுவர்த் தடிமன் ஒன்றாகவே இருந்தாலும் 16 மில்லிமீட்டரிலிருந்து 25 மில்லிமீட்டருக்குப் போனால் விறைப்பு சுமார் நாலு மடங்காக ஏறும்.

டென்ட் கம்பியில் டிரில் போட்டு ஸ்க்ரூ ஏற்றாதீர்கள். அந்தக் குழாயின் சுவர் மிக மெல்லியது, ஓட்டை விழுந்த இடத்தில்தான் அது பிற்பாடு மடங்கும், ஈரம் புகுந்து துருவும் அங்கேதான் ஆரம்பிக்கும், ஸ்க்ரூ முனை துணியையும் கிழிக்கும். ரப்பர் வைத்த பைப் கிளாம்ப் போதும், அதையும் குழாய் நசுங்கும்வரை திருகக் கூடாது. கேபிள் டையை ஒயரைக் கட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செடி விளக்குக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தால் நைலான் காய்ந்து நொறுங்கலாம். கனமான எந்தச் சாமானுக்கும் முக்கியக் கயிற்றைத் தவிர, வேறொரு கம்பியில் கட்டிய தளர்வான காப்புச் சங்கிலி ஒன்று இருக்கட்டும்.

காலடியையும் பாருங்கள். அத்தனை எடையும் நாலு சின்ன பிளாஸ்டிக் மூடி வழியாகத் தரைத்துணி மேல் இறங்குகிறது. கம்பளத் தரை என்றால் ஒரு கால் அமுங்கி டென்ட் சாயும், வழவழப்பான தரை என்றால் துணியை அறுக்கும். ஒவ்வொரு காலுக்கு அடியிலும், துணிக்கு வெளியே, உள்ளங்கையைவிடப் பெரிய ப்ளைவுட் துண்டு ஒன்று வைத்துவிட்டால் போதும்.

சிலர் டென்ட்டின் மேல் துளை வழியாகக் கயிறு விட்டு அறையின் கூரையிலேயே மாட்டிவிடுவார்கள். கூரை கான்கிரீட் என்றால் சரியான ஆங்கர் போட்டு, மர உத்தரம் என்றால் அந்த உத்தரத்திலேயே கொக்கி இறக்கிச் செய்யலாம், மிக நல்ல வழி. ஃபால்ஸ் சீலிங் பலகையில் ஸ்க்ரூ போட்டு மாட்டுவதைவிட ஆபத்தான வேலை வேறில்லை.

இத்தனையும் செய்தும் கணக்கு இடித்தால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தொங்க வேண்டிய அவசியமே இல்லாததை இறக்கிவிடுவது. கார்பன் ஃபில்டரை டென்ட்டுக்கு வெளியே தரையில் வைத்து, ஃபேன் காற்றை அதற்குள் தள்ளும்படி டக்ட்டை இணைக்கலாம், இணைப்புகளில் காற்று கசியாமல் இருந்தால் வாடை வராது. விளக்கின் டிரைவர் தனியாகக் கழற்ற முடிகிற மாதிரி இருந்தால் அதையும் வெளியே கொண்டுபோய் விடுங்கள், சூடும் குறையும். ஈரப்பதம் இழுக்கும் மெஷினைத் தொங்கவிடவே கூடாது, உள்ளே தண்ணீர் நிறைய நிறைய எடை ஏறும் சாமான் அது. இரண்டாவது வழி, டென்ட்டுக்குள்ளேயே தன் காலில் நிற்கும் ஒரு எஃகுச் சட்டம். அலமாரி செய்யும் ஓட்டை ஆங்கிளை வெட்டி, போல்ட் போட்டு, மூலைகளில் முக்கோணத் தகடு வைத்து ஒரு மேசைபோல நிறுத்தினால் அத்தனை எடையும் அதன் வழியாகத் தரைக்குப் போய்விடும், டென்ட் வெறும் திரையாக மாறிவிடும். கனமான சாமான் மூன்று நாலு வைக்கப் போகிறீர்கள் என்று முதலிலேயே தெரிந்தால் என் கருத்தில் நேராக இதையே செய்யுங்கள், மற்ற ஒட்டுவேலைகளில் நேரம் போக வேண்டாம். சட்டம் உலோகம் என்பதால் ஒயர் எங்கும் அதில் உரசித் தோல் உரியாமல் கட்டுங்கள், பிளக் பலகை தரையில் கிடக்க வேண்டாம், ஒயர் பிளக்குக்கு வருமுன் ஒரு வளைவாகக் கீழே இறங்கி மேலே ஏறட்டும், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சாமானை மாட்டுவதற்கு முன் தண்ணீர் கேன்களை மாட்டிப் பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு சுலபம். 20 கிலோ தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் அதே புள்ளிகளில் ஒன்றரை மடங்காக, மொத்தம் 30 லிட்டர் வரும்படி கேன்களை, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், செடிகளை வெளியே எடுத்துவிட்டுத் தொங்கவிடுங்கள். கம்பியின் இரு முனைக்கும் நூல் கட்டி, நடுவில் கம்பி நூலிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேலில் பார்த்து எழுதி வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் திரும்பவும் அளந்து பாருங்கள். அளவு அப்படியே இருந்தால் கேனை இறக்கிவிட்டுச் சாமானை மாட்டலாம். நேற்று 6 மில்லிமீட்டர், இன்று 9 என்றால் எங்கேயோ ஒரு இணைப்பு நழுவிக்கொண்டிருக்கிறது, மூலையிலிருந்து தேட ஆரம்பியுங்கள். மாட்டிய பிறகும் வாரம் ஒருமுறை மூலைகளில் டார்ச் அடித்து அந்த வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஜிப்பையும் கவனியுங்கள்: நேற்றுவரை ஒரே இழுப்பில் மூடிய ஜிப் இன்று ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறது என்றால் சட்டம் கோணியிருக்கக்கூடும், எண்ணெய் போடுவதை விட்டுவிட்டு முதலில் எடையை இறக்குங்கள்.