சரக்கு ஆர்டரை ஏஐ ஏஜென்டிடம் ஒப்படைப்பது எப்படி? முதன்முறை அமைப்பவர்களுக்கு

சாட்பாட் கேட்டதற்குப் பதில் சொல்லும். ஏஜென்ட் அதோடு நிற்காமல் தானாகவே இருப்பைப் பார்க்கும், விற்பனையைப் படிக்கும், சப்ளையருக்கு ஆர்டரும் அனுப்பும். அனுப்பிய ஆர்டருக்குப் பணம் கொடுக்க வேண்டியது நீங்கள்தான். அதனால் அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கீழே உள்ள வரிசையும் அதற்காகவே.

படி 1: இருப்புக் கணக்கைச் சரிசெய்யுங்கள்

பலரும் தாண்டிப்போகும் இடம் இது. என் கருத்தில் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. கணினியில் 10 எண்ணிக்கை காட்டுகிறது, அலமாரியிலோ ஒன்றுகூட இல்லை என்று வையுங்கள். சரக்கு இல்லாததால் விற்பனை நடக்காது, விற்பனை நடக்காததால் கணினியில் அந்த 10 குறையவும் செய்யாது. ‘இருப்பு இருக்கிறது, வாங்க ஆளில்லை’ என்று முடிவுகட்டி ஏஜென்ட் அந்தப் பொருளைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

திருட்டு, உடைசல், கணக்கில் ஏற்றாத ரிட்டர்ன், இரண்டு வகைப் பொருளுக்கும் ஒரே பார்கோடை ஸ்கேன் செய்வது ஆகியவற்றால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. வேகமாக விற்பவற்றை முதலில் கையால் எண்ணித் திருத்துங்கள். வழக்கமாக ஓடும் பொருள் சில நாட்களாக ஒன்றுகூட விற்கவில்லை என்றால், ஏஜென்ட் ஆர்டர் போடாமல் ‘எண்ணிப் பாருங்கள்’ என்று உங்களுக்குத் தகவல் அனுப்பும்படி செய்யுங்கள்.

இன்னொன்று: சரக்கு இல்லாத நாட்களின் பூஜ்ஜிய விற்பனையைச் சராசரியில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் தேவை குறைவாகத் தெரியும், அடுத்த ஆர்டரும் சிறுத்துப்போகும்.

படி 2: கணக்கைச் சூத்திரத்திடம் விடுங்கள்

ஏஜென்டுக்குள் இருக்கும் மொழி மாதிரியிடம் (உரையைப் படித்து எழுதும் ஏஐ) ‘எத்தனை வாங்கலாம்?’ என்று கேட்டால் நம்பும்படியாக ஓர் எண்ணைச் சொல்லிவிடும். அது சரியான எண்ணாகத்தான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கணக்கை நிரலோ எக்செல்லோ போடட்டும், ஏஜென்ட் அதன் விடையை எடுத்துக்கொள்ளட்டும்.

ஒரு பொருள் நாளுக்குச் சராசரி 12 விற்கிறது, ஆர்டர் போட்டால் வந்துசேர 5 நாள் ஆகிறது என்றால், அந்த இடைவெளிக்கு 60 வேண்டும். விற்பனை ஏறி இறங்குவதால் கொஞ்சம் காப்பு இருப்பும் தேவை. தினசரி விற்பனையின் திட்ட விலக்கம் (விற்பனை சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) 4 என்றால், காப்பு இருப்பு 1.65 × 4 × √5, ஏறத்தாழ 15. (1.65 என்பது 95 சதவீதத் தருணங்களில் சரக்கு தீராமல் இருக்கத் தேர்ந்தெடுக்கும் எண்; 5 என்பது சரக்கு வந்துசேரும் நாட்கள்.) ஆக, 75க்குக் கீழே போனால் ஆர்டர் போட வேண்டும்.

அந்த 75ஐ எதோடு ஒப்பிடுவது? அலமாரியில் உள்ளதோடு மட்டும் அல்ல. கையில் 40, ஏற்கெனவே ஆர்டர் போட்டு வரவேண்டியது 48 என்றால், மொத்தம் 88. இப்போது ஆர்டர் தேவையில்லை. வரவேண்டியதை மறந்த ஏஜென்ட் நாள்தோறும் புதிது புதிதாக ஆர்டர் போட்டுக்கொண்டே இருக்கும்.

மொத்தம் 70 ஆகிவிட்டது, கூடுதலாக ஒரு வாரத்துக்கான 84ஐயும் வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்றால், இலக்கு 75 + 84 = 159, தேவை 159 − 70 = 89. பெட்டிக்கு 24 வீதம் வந்தால் 4 பெட்டி, அதாவது 96.

படி 3: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

இருப்பு, விற்பனை, நிலுவை ஆர்டர் ஆகியவற்றைப் படிக்கவும், வரைவு ஆர்டர் எழுதவும் அனுமதி கொடுங்கள். பணம் செலுத்துவது, புதிய சப்ளையரைச் சேர்ப்பது, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுவது ஆகியவற்றுக்கு அனுமதியே வேண்டாம். சப்ளையர் பெயரில் வரும் மின்னஞ்சலில் ‘உடனே 500 பெட்டி உறுதிசெய்’ என்று யாராவது எழுதியிருந்தால், அதையே கட்டளையாக எடுத்துக்கொள்ளும் பலவீனம் மொழி மாதிரிகளுக்கு உண்டு.

ஓர் ஆர்டருக்கு உச்சத்தொகை, வாரத்துக்கு மொத்த வரம்பு, வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் மனித ஒப்புதல் ஆகிய வரம்புகளை நிரலிலேயே பூட்டுங்கள். ஏஜென்டுக்கு எழுதும் அறிவுரையில் மட்டும் சொல்லிவைத்தால் போதாது. ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி அடையாள எண்ணும் கொடுங்கள். இணையம் துண்டித்து மறுபடி அனுப்ப நேர்ந்தால், அந்த எண்ணைப் பார்த்து இரண்டாவதைத் தள்ளிவிடலாம்.

படி 4: அனுப்பாமல் ஓட்டிப் பாருங்கள்

சில வாரங்கள் ஏஜென்ட் ஆர்டரை எழுத மட்டும் செய்யட்டும், வழக்கம்போல் நீங்களே வாங்குங்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு வரைவிலும் காரணம் ஒரு வரியில் இருக்க வேண்டும்: கையிருப்பு எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, ஏன் இந்த அளவு. நீங்கள் அளவை மாற்றினால் நீங்களும் காரணத்தைக் குறித்துவையுங்கள். அடுத்து எந்த விதியைத் திருத்த வேண்டும் என்பது அந்தக் குறிப்புகளிலிருந்தே தெரியவரும்.

ஏஜென்டின் உண்மையான பயனும் இங்கே தெரியும். ஒரே வாடிக்கையாளர் ஒருநாள் மொத்தமாக அள்ளிச் சென்றால், ‘இது தினசரித் தேவை இல்லை, சராசரியிலிருந்து நீக்கலாமா?’ என்று அது கேட்க முடியும். சப்ளையர் ‘இந்த வாரம் இரண்டு நாள் தாமதம்’ என்று எழுதினால், காத்திருப்பு நாட்களைக் கூட்டச் சொல்ல முடியும். சூத்திரத்தால் மட்டும் இதைச் செய்ய முடியாது.

படி 5: சில பொருட்களுக்கு மட்டும் கையை எடுங்கள்

சீராக விற்கும், எளிதில் கெடாத, மிஞ்சினால் சப்ளையர் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொருட்களில் தொடங்குங்கள். விற்பனை வரலாறே இல்லாத புதிய பொருள், பருவம் முடிந்ததும் தேங்கும் சரக்கு, சீக்கிரம் காலாவதியாவது ஆகியவை உங்கள் ஒப்புதலிலேயே இருக்கட்டும். ஏஜென்ட் அனுப்பும் எல்லா ஆர்டரையும் ஒரே சொடுக்கில் நிறுத்தும் பொத்தான் ஒன்று வேண்டும். அதைக் கடையில் இருக்கும் இன்னொருவருக்கும் காட்டிவையுங்கள். வாரம் ஒருமுறை, சரக்கு தீர்ந்த நாட்களையும் தேங்கிய சரக்கையும் பாருங்கள். இரண்டும் குறைந்தால் அடுத்த தொகுதிப் பொருட்களைச் சேர்க்கலாம். குறையவில்லை என்றால் முதலில் அலமாரியை எண்ணிப் பாருங்கள், பிறகு சப்ளையர் உண்மையில் எத்தனை நாளில் கொண்டுவருகிறார் என்று சரிபாருங்கள்.